கார்டீலியா அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா என்ன?

மார்ச் 3, ஒரு வாசகி கேட்டது

ஷேக்ஸ்பியரோட கிங் லியர் நாடகம் நேத்து தான் படிச்சு முடிச்சேன். எல்லாரும் லியர் ராஜாவோட கடைசி மக கார்டீலியாவ தெய்வம் மாதிரி பேசறாங்க, எனக்கு அவ மேல தான் கோவம் கோவமா வருது. பெத்த அப்பா, 80 வயசு தாண்டினவர், சபைல வெச்சு ஆசையா கேக்கறார். "உங்கள ரொம்பப் பிடிக்கும்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடும்? சொல்லியிருந்தா அத்தன பேர் செத்திருக்க மாட்டாங்க. அது நேர்மை இல்ல, வீம்பு. இல்லன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.

மார்ச் 3, ராத்திரி

இல்லன்னு நான் சொல்றேன். முதல் காட்சிய இன்னொரு தடவ படிங்க. ராஜ்யத்த மூணு மகளுங்களுக்குப் பிரிக்க லியர் மேப்ப விரிச்சு வெச்சுக்கிட்டு, உங்கள்ல யாருக்கு என் மேல பாசம் ஜாஸ்தின்னு சொல்லுங்கன்னு கேக்கறார். கண் பார்வைய விட, சுதந்திரத்த விட நீங்க தான் ஒசத்தின்னு மூத்தவ கானரில் சொல்றா. உடனே இந்தக் கோட்டுலேர்ந்து அந்தக் கோடு வரைக்கும் காடு, ஆறு, புல்வெளி எல்லாம் உனக்குத்தான்னு எழுதிடறார். ரெண்டாவது மக ரீகன் வந்து, அக்கா சொன்னது சரிதான் ஆனா கொறச்சுச் சொல்லிட்டாங்கறா. அவளுக்கும் ஒரு பங்கு. இது பாசம் இல்ல, ஏலம். யார் ஜாஸ்தி கேக்கறாங்களோ அவங்களுக்கு. அந்த ஏலத்துல கை தூக்க மாட்டேன்னு ஒருத்தி நிக்கறா, அவளப் போய் வீம்புங்கறீங்க.

அவ சொன்னது என்ன? "ஒண்ணும் இல்ல." ஒண்ணும் இல்லாததுலேர்ந்து ஒண்ணும் வராது, திரும்பப் பேசுங்கறார். மகளா இருக்கற கடமைக்கு எவ்வளவோ அவ்வளவு நேசிக்கிறேன், கூடவும் இல்ல கொறையவும் இல்லங்கறா. அப்பறம் ஒரு கேள்வி: முழுப் பாசமும் உங்களுக்கே தான்னா அக்காங்க ரெண்டு பேரும் எதுக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க? இதுல என்ன தப்பு, சொல்லுங்க.

மார்ச் 4, காலைல

ஏலம்னு எழுதினது தப்பு, திருத்திக்கறேன். ராத்திரி தூக்கம் வராம புஸ்தகத்த எடுத்து ஆரம்பத்துலேர்ந்து படிச்சேன். நாடகத்தோட முதல் பேச்சே கென்ட், க்ளாஸ்டர்னு ரெண்டு பிரபுங்க பேசிக்கறது தான். ராஜாவுக்கு மூத்த மாப்பிள்ளை ஆல்பனி மேல பிரியம் ஜாஸ்தின்னு நெனச்சோம், ஆனா பங்கப் பாத்தா ஆல்பனிக்கும் ரீகன் புருஷன் கார்ன்வாலுக்கும் துளி வித்தியாசம் தெரியலையேன்னு. அதாவது மகளுங்க வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே பங்கு போட்டாச்சு! கார்டீலியாவுக்குன்னு ஒதுக்கினது தான் இருக்கறதுலயே செழிப்பான பங்குன்னு லியரே அவகிட்ட சொல்றார். ஆக பேச்சுக்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்ல, அது ஒரு சடங்கு. பத்திரம் எல்லாம் ரெடி பண்ணிட்டு, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு பேர் பாக்க கால்ல விழுந்து கும்பிடச் சொல்ற மாதிரி.

இதனால கேள்வி கேட்டவங்க பக்கம் கொஞ்சம் பலம் கூடிடுச்சு, ஒத்துக்கறேன். வெறும் சடங்கு தானே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? எனக்கு இப்போதைக்கு பதில் இல்ல.

மார்ச் 4, மத்தியானம்

ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த காட்சில க்ளாஸ்டரோட மகன் எட்மண்ட் ஒரு பொய்க் கடுதாசிய வெச்சுக்கிட்டு, அப்பா கண்ணுல படற மாதிரியே மறைக்கறான். என்னடா படிக்கறேன்னு க்ளாஸ்டர் கேக்கறார். "ஒண்ணும் இல்ல, பிரபு." எழுத்து பிசகாம கார்டீலியா சொன்ன அதே வார்த்தை. அவ உண்மையச் சொல்லி வீட்ட விட்டுத் தொரத்தப்பட்டா, இவன் பொய்ய ஆரம்பிக்கறதுக்கு அதையே எடுத்துக்கறான். ரெண்டு காட்சியையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிச்சா தான் இது காதுல விழும். எனக்கு இத்தன வருஷம் விழவே இல்ல.

மார்ச் 6

கானரில், ரீகன் ரெண்டு பேரும் ராட்சசிங்க, அதப் பத்திப் பேச என்ன இருக்குன்னு ஒரு தம்பி எழுதியிருந்தார். நானும் காலேஜ்ல அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப சொல்ல மாட்டேன், அதுக்கு எங்க பெரியம்மா தான் காரணம்.

தாத்தா வீட்டப் பெரியப்பா பேருக்கு எழுதி வெச்சுட்டு அங்கேயே இருந்தார். சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா திண்ணைல அவர் கூட்டாளிங்க ஆறு ஏழு பேர் வந்துடுவாங்க. ஒருத்தருக்கு சக்கரை போடாத காபி, ஒருத்தருக்கு டிகாஷன் தூக்கலா, ஒருத்தருக்கு டீ. எட்டரை வரைக்கும் சீட்டுக்கட்டு. வெத்தலைய மென்னு வாசப்படி ஓரமாத் துப்புவாங்க. மறுநாள் காலைல பெரியம்மா உக்காந்து அந்தச் செவப்புக் கறைய தேங்கா நார் வெச்சுத் தேய்ப்பாங்க, கறை போகாது, பழைய கறைக்கு மேல புதுக் கறை. ஒரு நாள் பொறுக்க முடியாம, "மாமா, தெனமும் வேணாம், வாரத்துக்கு ரெண்டு நாள் வரச் சொல்லுங்களேன்"னாங்க. அவ்வளவுதான். என் வீட்டுல எனக்கே கணக்கான்னு தாத்தா ரெண்டு நாள் சாப்பிடல. எனக்கு அப்ப பத்து வயசு, தாத்தா பக்கம் நின்னு பெரியம்மாகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டேன்.

இப்ப லியரப் பாருங்க. ராஜ்யத்தக் குடுத்தாச்சு, ஆனா ராஜான்னு பேர் வேணும், கூட 100 வீரர்கள் வேணும், மாசம் ஒரு மக வீடுன்னு மாறி மாறித் தங்கணும். நூறு பேர்! சாப்பாடு, குதிரை, வேட்டை, குடி, சத்தம். தன்னோட அரண்மனைக் கோமாளியத் திட்டினதுக்காக கானரில் வீட்டு ஆளையே லியர் அடிச்சுடறார். அவ வந்து ஆளக் கொறைங்கன்னு சொன்னப்ப, உன் வயிறு மலடாப் போகணும்னு இயற்கைய கூப்பிட்டு சாபம் விடறார். பெத்த மகளுக்கு. அந்த வரியப் படிக்கறப்பல்லாம் எனக்கு இப்ப பெரியம்மா தேங்கா நாரோட குனிஞ்சு உக்காந்திருந்தது தான் ஞாபகம் வருது. அவங்க இருக்கறப்ப இதச் சொல்லாம போயிட்டேன்.

அதுக்காக கானரில் நல்லவன்னு சொல்லல. எந்த எடத்துல அவள விட்டுடறேன்னு அடுத்து எழுதறேன், வீட்டுல கூப்பிடறாங்க.

மார்ச் 7

விட்டுடற எடம் இது. 100 பேர கானரில் 50 ஆக்கறா. லியர் கோச்சுக்கிட்டு ரீகன்கிட்ட போனா, அவ 25-ங்கறா. உடனே இவர் திரும்பி கானரில்ல பாத்து, உன் 50 அவளோட 25-க்கு ரெட்டிப்பு, அப்ப உன் பாசமும் ரெட்டிப்பு, உன்கூடவே வரேங்கறார். முதல் காட்சில எந்தக் கணக்குல ஆரம்பிச்சாரோ அதே கணக்கு, இப்ப இவர் தலைலயே விடியுது. 25 எதுக்கு, 10 எதுக்கு, 5 எதுக்குன்னு கானரில் கொறைச்சுக்கிட்டே வர, ஒருத்தன் தான் எதுக்குன்னு ரீகன் முடிக்கறா. தேவைன்னு பாத்தா பிச்சைக்காரன்கிட்ட கூட தேவைக்கு மேல ஏதோ ஒண்ணு இருக்கும், தேவையப் பத்திப் பேசாதீங்கங்கறார் கிழவர். வெளில புயல். கதவச் சாத்துங்கன்னு உத்தரவு போடறாங்க. அது க்ளாஸ்டரோட வீடு, இவங்களே அங்க விருந்தாளி தான். வீட்டுக்காரன் கண் எதுர கதவச் சாத்தறாங்க. எங்க பெரியம்மா தாத்தா கூட சண்டை போட்ட ரெண்டு நாளும் சாப்பாட்டுத் தட்ட மூடி வெச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதான் வித்தியாசம்.

மார்ச் 11

பிடிச்ச பாத்திரம் யாருன்னு கேட்டிருக்கீங்க. கென்ட், க்ளாஸ்டரோட மூத்த மகன் எட்கர், கோமாளின்னு ஆளாளுக்கு எழுதியிருக்காங்க. எனக்குப் பேரே இல்லாத ஒருத்தன். முதல் வேலைக்காரன்னு மட்டும் போட்டிருக்கும். காலேஜ்ல நாங்க இந்த நாடகம் போட்டப்ப எனக்குக் கெடச்சது அந்த வேஷம். பத்து வரி கூட இல்ல. வாங்கினப்ப வருத்தமாத்தான் இருந்தது, எட்கர் கெடைக்கும்னு நம்பியிருந்தேன்.

காட்சி இது. லியருக்கு ஒதவி பண்ணாருன்னு க்ளாஸ்டரோட சொந்த வீட்டுலயே அவர நாற்காலில கட்டி வெச்சு கார்ன்வால் ஒரு கண்ணத் தோண்டிடறான். அப்ப ஓரமா நின்ன வேலைக்காரன் முன்னால வரான். நிறுத்துங்க பிரபு, சின்னப் புள்ளைலேர்ந்து உங்களுக்கு ஊழியம் பண்றேன், ஆனா இப்ப நிறுத்துங்கன்னு சொல்றத விட நல்ல ஊழியம் நான் பண்ணதே இல்லங்கறான். நாயேங்கறா ரீகன். கத்திச் சண்டை. கார்ன்வாலுக்கு ஆழமா வெட்டு. ரீகன் பின்னாடியிருந்து இவனக் குத்திடறா. சாகறப்ப க்ளாஸ்டர்கிட்ட, உங்களுக்கு இன்னும் ஒரு கண் இருக்கு, அவனுக்கு வரப்போற கேட்டப் பாக்கறதுக்குன்னு சொல்றான். அடுத்த நிமிஷம் அந்தக் கண்ணும் போயிடுது. பொணத்தக் குப்பைமேட்டுல வீசுங்கறான் கார்ன்வால்.

ஒத்திகைல எங்களுக்கு வசனம் சொல்லிக் குடுத்தவர் ஒரு விஷயம் சொன்னார், இன்னைக்கு வரைக்கும் மறக்கல. "முன்னாடி வரதுக்கு முன்னாடி உன் கையப் பாரு. அந்த நாற்காலியப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யார் கை?" நாற்காலிய கெட்டியாப் பிடிங்கடான்னு கார்ன்வால் சொன்னது இந்த வேலைக்காரங்ககிட்ட தான்! முதல் கண் போறப்ப பிடிச்சிருந்தது இவங்க தான். அதுக்கப்பறம் தான் நான் அந்த வேஷத்த ஒழுங்காப் பண்ணேன். கைய நாற்காலிலேர்ந்து எடுக்கறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். சபைல ஒரு இருமல் சத்தம் கூட இல்ல.

இந்த மனுஷன் வீணாச் சாகல, இதச் சொல்லியே ஆகணும். அந்த வெட்டுல தான் கார்ன்வால் சாகறான். கார்ன்வால் செத்ததால ரீகன் விதவை. விதவைன்னதால எட்மண்டக் கட்டிக்கலாம்னு நெனைக்கறா. அது பொறுக்காம கானரில் அவளுக்கு வெஷம் வெச்சுட்டு, தானும் கத்தியால குத்திக்கிட்டு சாகறா. நாடகத்துல பெரிய மனுஷங்க யாராலயும் அசைக்க முடியாதத, சம்பளத்துக்கு நின்ன ஒருத்தன் அசைச்சிருக்கான்.

மார்ச் 12

அவன் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா ரெண்டாவது கண்ணாவது மிஞ்சியிருக்கும்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். அண்ணா, நானும் பல வருஷம் அப்படி நெனச்சு சங்கடப்பட்டேன். ஆனா வரிசையப் பாருங்க. முதல் கண் போன உடனே, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தக் கேலி பண்ணும், அதையும் எடுத்துடுங்கன்னு ரீகன் ஏற்கனவே சொல்லியாச்சு. அதுக்கு அப்பறம் தான் இவன் முன்னாடி வரான். அந்தக் கண்ணுக்கு முன்னாடியே நாள் குறிச்சாச்சு.

மார்ச் 13

மேல எழுதினதோட சேத்துப் படிங்க. கண் போன க்ளாஸ்டர வெளில தள்ளினதுக்கு அப்பறம் இன்னும் ரெண்டு வேலைக்காரங்க பேசிக்கற ஒரு குட்டித் துண்டு இருக்கு. கொஞ்சம் சணல் நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டு வரேன், ரத்தம் வடியற அந்த மூஞ்சிக்குப் போட, கடவுள் காப்பாத்தட்டும்னு ஒருத்தன் சொல்றான். நாங்க நாடகம் போட்டப்ப இது இல்லவே இல்ல. காரணம் பின்னாடி தான் தெரிஞ்சுது. இந்த நாடகம் ரெண்டு விதமா அச்சாகியிருக்கு. 1608-ல வந்த சின்னப் புஸ்தகத்துல முட்டை வெள்ளைக்கரு இருக்கு, 1623-ல வந்த பெரிய தொகுப்புல அத எடுத்துட்டாங்க. பழசுல உள்ள 300 வரி கிட்ட புதுசுல இல்ல, புதுசுல உள்ள 100 வரி கிட்ட பழசுல இல்ல. இப்பக் கடைல கெடைக்கறது பெரும்பாலும் ரெண்டையும் கலந்தது.

அந்த முட்டைய எடுத்தது எனக்கு ஆறவே இல்ல. வேகமாப் போகணும்னு எடுத்திருக்கலாம். ஆனா அடுத்த காட்சில ஒரு கெழவர், உங்க அப்பா காலத்துலேர்ந்து உங்க நெலத்துல குடியிருக்கேன்னு சொல்லிக்கிட்டு குருட்டு க்ளாஸ்டரக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரார். என்கிட்ட இருக்கறதுலயே நல்ல துணியக் கொண்டு வரேங்கறார். அந்தக் கெழவர், முட்டை கொண்டு வர வேலைக்காரன், கத்திய எடுத்தவன், மூணு பேருக்கும் பேர் இல்ல.

பேர் இல்லாதவங்க எல்லாம் நல்லவங்கன்னும் எழுதிடாதீங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்க, கரெக்ட். கடைசில கார்டீலியாவத் தூக்குல போடப் போற அதிகாரிக்கும் பேர் கெடையாது. வண்டி இழுக்க முடியாது, காஞ்ச ஓட்ஸ் தின்ன முடியாது, மனுஷன் பண்ற வேலைன்னா பண்றேங்கறான். குதிரை இல்ல நான், மனுஷன், அதனால கொலை பண்றேன்னு. படிக்கறப்பவே வயித்தப் பெரட்டுது.

மார்ச் 15

கோமாளி எங்க போனான்னு கேட்டவங்களுக்கு: மூணாவது அங்கத்துக்கு அப்பறம் அவன் இல்ல. மத்தியானம் தூங்கப் போறேங்கறான், அதோட சரி. கடைசில லியர், என் ஏழைக் கோமாளியத் தூக்குல போட்டுட்டாங்கங்கறார், ஆனா மடில இருக்கறது கார்டீலியா. செல்லப் பேரா, இல்ல நெஜமாவே அவனச் சொல்றாரா? ரெண்டு வேஷத்தையும் ஒரே ஆள் போட்டிருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு, ரெண்டு பேரும் ஒரே காட்சில வர்றதில்லைங்கறத வெச்சு. எனக்கு அந்த ஊகம் இல்லாமலே அழுகை வருது.

மார்ச் 19

சந்தோஷமா முடிச்சிருக்கலாமேங்கற ஆசை உங்களுக்கு மட்டும் இல்ல. 1681-ல நஹும் டேட்னு ஒருத்தர் மாத்தியே எழுதிட்டார். அதுல லியர் பொழைச்சு ராஜ்யத்தத் திரும்ப வாங்கறார், கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் கல்யாணம், கோமாளியே கெடையாது. இங்கிலாந்து மேடைல சுமார் 150 வருஷம் அது தான் ஓடுச்சு. 1838-ல மக்ரெடிங்கற நடிகர் தான் கோமாளியையும் சேத்து ஷேக்ஸ்பியர் எழுதினத மேடைக்குத் திருப்பிக் கொண்டு வந்தார். சாமுவேல் ஜான்சன் எவ்வளவு பெரிய படிப்பாளி, அவரே கார்டீலியா சாவப் படிச்சு ஆடிப்போய், பதிப்பாசிரியரா உக்கார்ற வரைக்கும் அந்தக் கடைசிக் காட்சிங்கள திரும்பத் தொட முடியலைன்னு எழுதி வெச்சிருக்கார்.

ஷேக்ஸ்பியருக்கு முன்னாடி இருந்த பழைய கதைல கூட போர்ல கார்டீலியா பக்கம் தான் ஜெயிக்குது, லியர் திரும்ப ராஜா ஆகறார். அத மாத்தினது ஷேக்ஸ்பியர். 1606 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஜேம்ஸ் ராஜா முன்னாடி அரண்மனைல இந்த முடிவோட தான் நடிச்சாங்க. அன்னைக்குக் கதை தெரிஞ்சவங்க, எப்படியும் அவ பொழைச்சுடுவான்னு நம்பி உக்காந்திருப்பாங்க இல்லையா. அத நெனச்சா இன்னும் கஷ்டமா இருக்கு.

மார்ச் 24

முதல் கேள்விக்கு வரேன். பதில் இல்லன்னு சொல்லிட்டுப் போனேன், இருபது நாளா அது மண்டைல ஓடிட்டே இருக்கு.

நாலாவது அங்கத்துல லியர் தூங்கி எழறார். புயல்ல பிடிச்ச பைத்தியம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு. கார்டீலியா எதுர நிக்கறா. இவர் மண்டி போடப் போறார், அவ வேணாங்கறா. நான் ஒரு முட்டாள் கெழவன், 80-க்கு மேல, ஒரு மணி நேரம் கூடவும் இல்ல கொறையவும் இல்லன்னு பேச ஆரம்பிக்கறார். கவனிச்சீங்களா, "கூடவும் இல்ல கொறையவும் இல்ல". எந்த வார்த்தைக்காக அவளத் தொரத்தினாரோ அது இப்ப இவர் வாய்ல வருது. அப்பறம், வெஷம் குடு, குடிக்கறேன், உன் அக்காங்க எனக்குக் கெடுதல் பண்ணாங்க, அவங்களுக்குக் காரணம் இல்ல, உனக்குக் காரணம் இருக்குங்கறார்.

அவ சொல்றா: "ஒரு காரணமும் இல்ல, ஒரு காரணமும் இல்ல."

அது பொய். காரணம் இல்லாம என்ன? சீதனம் இல்லாம வெறுங்கையோட அனுப்பினார், பர்கண்டிக்காரன் கல்யாணத்த வேணாம்னுட்டான், பிரான்ஸ் ராஜா மட்டும் தான் வெறுங்கையோட ஏத்துக்கிட்டார். மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சபைல சொன்னார். அத்தன காரணம் இருக்கு. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன்னு நின்ன அதே பொண்ணு, இப்ப கூசாம ஒரு பொய் சொல்றா, ரெண்டு தடவ சொல்றா.

நீங்க கேட்ட அந்த ஒரு வார்த்தைய அவ சொல்லிட்டா. ஆனா சொல்றப்ப அப்பாகிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல, மேப் இல்ல, சபை இல்ல, கைதட்ட ஆள் இல்ல. ஒரு டாக்டரும் கென்ட்டும் தான் பக்கத்துல.

இதனால முதல் காட்சில அவ செஞ்சது சரின்னு ஆயிடுமா? எனக்கு இன்னும் முழுசாச் சொல்லத் தெரியல. கொஞ்சம் வீம்பும் இருந்தது, இப்ப ஒத்துக்கறேன், லியரோட மக தானே. அந்தப் பிடிவாதம் வேற எங்கேர்ந்து வந்திருக்கும்?

மார்ச் 25

கடைசிப் பேச்சு எட்கரோடதுன்னு பின்னூட்டத்துல நான் சொன்னதுக்கு ஒருத்தர் இல்ல ஆல்பனின்னார். ரெண்டு பேர் சொல்றதும் சரி. 1608-ல ஆல்பனி, 1623-ல எட்கர். எனக்கு எட்கர் தான். நாம உணர்றதப் பேசணும், பேச வேண்டியத இல்லன்னு அந்தப் பேச்சுல வருது. அத, தன் அப்பா க்ளாஸ்டர் செத்ததப் பக்கத்துலேர்ந்து பாத்தவன் சொல்லணும்.

ஏப்ரல் 2

பட்டன் பத்தி யாரும் எழுதலையேன்னு பாத்துட்டே இருந்தேன்.

புயல்ல லியர் துணியக் கிழிச்சுக்கிட்டு, இதெல்லாம் கடன் வாங்கினது, வா, இங்க பட்டனக் கழட்டுன்னு கத்தறார். அங்கயும் அது உத்தரவு தான், மேப்பக் கொண்டான்னு முதல் காட்சில சொன்ன அதே தோரணை. கடைசில கார்டீலியா செத்துக் கெடக்கறா. இனி வர மாட்ட, ஒருபோதும், ஒருபோதும்னு அஞ்சு தடவ (1608-ல மூணு தடவ தான்). அதுக்கு அடுத்த வார்த்தை, "தயவு பண்ணி இந்தப் பட்டனக் கழட்டி விடுங்க." கழட்டினதும், "நன்றி, ஐயா."

நாடகம் முழுக்க உத்தரவு போட்ட வாய் அது.

எங்க நாடகத்துல நான் மூணாவது அங்கத்துலயே செத்துட்டேனா, மூஞ்சில பூசின செவப்பக் கூட கழுவாம படுதா ஓரமா நின்னு இதப் பாத்தேன். லியரா நடிச்சவனுக்குத் தச்சுக் குடுத்த சட்டைல பட்டன் துளை சின்னதாப் போச்சு, ஒத்திகைலேர்ந்தே தகராறு. கென்ட் வேஷம் போட்டவன் குனிஞ்சு கழட்டப் பாக்கறான், வரல. விரல் நடுங்குது. ரெண்டாவது தடவ, வரல. லியர் கழுத்தத் தூக்கிக் குடுத்தான், சின்னக் கொழந்தைக்கு சட்டை மாட்டறப்ப அதுங்க மோவாயத் தூக்குமே, அந்த மாதிரி. அது ஒத்திகைல இல்லாதது. மூணாவது தடவ கழண்டுச்சு. நன்றி ஐயான்னான்.

யார் கழட்டணும்னு நாடகத்துல போடல. கென்ட்டா, எட்கரா, ஆல்பனியா, இல்ல பின்னாடி நிக்கற பேர் இல்லாத ஆளா, எதுவும் இல்ல. நீங்க போட்டா யார விடுவீங்கன்னு சொல்லுங்க.